தோற்பவரையும் ஏற்றிச் செல்லும் ரயில்

குடும்பத்தோடு உட்கார்ந்து ஆட ஓர் ஆட்டத்தைத் தேடுகிறவர்கள், அதில் எப்படி ஜெயிப்பது என்றுதான் முதலில் கேட்பார்கள். அதைவிட அவசியமான கேள்வி ஒன்று உண்டு. தோற்றுக்கொண்டிருப்பவர் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பார்? எட்டு வயதுப் பெண், கல்லூரிக்குப் போகும் அண்ணன், வேலை முடிந்து களைத்து வந்த அம்மா, எழுபதைத் தாண்டிய பாட்டி என்று நான்கு பேர் கூடினால், அதில் மூன்று பேர் தோற்கத்தான் போகிறார்கள். ஜெயிப்பவருக்கு எந்த ஆட்டமும் நல்ல ஆட்டம்தான். மற்ற மூவருக்கும் அந்த நேரம் எப்படிப் போயிற்று என்பதை வைத்தே அந்தப் பெட்டி மறுநாளும் பரணிலிருந்து இறங்குமா என்பது முடிவாகும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், சீக்கிரம் முடிகிற ரயில் ஆட்டங்கள் குடும்பத்துக்கு மிகவும் ஏற்றவை என்பது என் கருத்து. பலகை ஆட்டம் என்றாலே குழந்தைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறவர்களும் இவற்றை ஒருமுறை கவனித்துப் பார்க்கலாம்.

நமக்குப் பழக்கமான ஆட்டங்களிலிருந்தே தொடங்குவோம். தாயத்தில் காயை இறக்க வேண்டுமானால் தாயம் விழ வேண்டும். பித்தளைத் தாயக்கட்டை ஒவ்வொன்றிலும் நான்கு பக்கங்கள்: ஒன்று வெறுமையாக இருக்கும், மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டு கட்டைகளையும் சேர்த்து உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். அவற்றில் கூட்டினால் ஒன்று வருவது இரண்டே விதம். அதாவது எட்டில் ஒரு வாய்ப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தால், எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் இருப்பதற்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. மற்றவர்கள் காய்களைச் சுற்றிக்கொண்டிருக்க, இவர் கட்டையை உருட்டிவிட்டு அடுத்தவர் கையில் கொடுப்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாது. ஒருவழியாக இறக்கிப் பழத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோன காயையும் யாராவது வெட்டிவிட்டால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். இந்த வெட்டில்தான் தாயத்தின் உயிரே இருக்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. நாள் முழுக்க நேரம் இருந்த திண்ணைகளுக்கு அது பொருத்தமான ஆட்டம். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கிடைக்கிற அரைமணி நேரத்தில், பத்து நிமிடம் தாயத்துக்காகக் காத்திருந்து, பிறகு வெட்டுப்பட்டு எழுந்து போகிற குழந்தை அடுத்த முறை செல்போனைத்தான் எடுக்கும்.

மோனோபோலியும், அதை அடியொற்றி நம் ஊர்க் கடைகளில் விற்கும் பிசினஸ் ஆட்டங்களும் இந்த விஷயத்தில் இன்னும் கடுமையானவை. அந்த ஆட்டத்தின் மூலம் எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி 1904இல் காப்புரிமை பெற்ற நிலச்சுவான்தார் ஆட்டம். நிலம் ஒரு சிலர் கையில் குவிந்தால் மற்றவர்கள் எப்படி நசுங்கிப்போவார்கள் என்று காட்டவே அவர் அதை உருவாக்கினார். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் மோனோபோலியை வெளியிட்டபோது அந்த நோக்கம் போய்விட்டது, நசுக்குவது மட்டும் தங்கிவிட்டது. திவாலானவர் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். வழக்கமாக அது வயதில் சின்னவர். அவர் வெளியேறிய பிறகும் மற்றவர்கள் ஒரு மணி நேரம் வாடகை வசூலித்துக்கொண்டிருக்கலாம். அந்தப் பலகையிலும் நான்கு ரயில் பாதைகள் உண்டு. ஒன்றை வைத்திருந்தால் 25 டாலர் வாடகை, நான்கையும் வைத்திருந்தால் 200. அந்த ரயில் யாரையும் எந்த ஊருக்கும் கூட்டிப் போவதில்லை.

ரயிலை ரயிலாகவே வைத்துச் செய்த பலகை ஆட்டங்கள் மேல்நாட்டில் அரை நூற்றாண்டுக்கு முன்பே வந்துவிட்டன. பிரிட்டனைச் சேர்ந்த பிரான்சிஸ் டிரெஷாம் 1974இல் வெளியிட்ட 1829 என்ற ஆட்டம், ரயில் கம்பெனிகளின் பங்குகளை வாங்கி விற்று, தண்டவாளம் போட்டு, எஞ்சின் வாங்கி ஓட்டுவது. அந்த வழியில் வந்தவற்றை ஆடி முடிக்க நான்கு மணி நேரம், ஆறு மணி நேரம் ஆகும். டேவிட் வாட்ஸ் என்பவர் உருவாக்கிய இன்னொரு ஆட்டத்தில் வரைபடத்தின் மீது கலர் பென்சிலால் பாதை வரைய வேண்டும். ஜெர்மானிய விமர்சகர்கள் 1979 முதல் ஆண்டுதோறும் வழங்கிவரும் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' என்ற சிறந்த ஆட்டத்துக்கான விருது 1984இல் அதன் ஜெர்மன் பதிப்புக்குக் கிடைத்தது. சரியாக இருபது ஆண்டு கழித்து அதே விருது மறுபடி ஒரு ரயில் ஆட்டத்துக்குப் போனது. அதுதான் ஆலன் ஆர். மூன் உருவாக்கி டேஸ் ஆஃப் வொண்டர் நிறுவனம் வெளியிட்ட 'டிக்கெட் டு ரைடு'. இந்த இருபது ஆண்டுகளில் பங்கு, பணம், சரக்கு, கட்டணம் என்று ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்து, கடைசியில் நின்றது ஒன்றுதான்: இந்த ஊரையும் அந்த ஊரையும் சேர்க்க வேண்டும். இந்தக் கழித்தலில் ஆட்டம் எதையும் இழக்கவில்லை என்றே நினைக்கிறேன். ரயிலில் குழந்தைக்கும் பாட்டிக்கும் ஒரே மாதிரி புரிகிற விஷயம் அதுதான்.

டிக்கெட் டு ரைடை விளக்க ஐந்து நிமிடம் போதும். மேஜையில் அமெரிக்காவின் பழைய வரைபடம். ஊர்களுக்கு நடுவே ஒன்று முதல் ஆறு கட்டங்கள் வரை நீளமுள்ள வண்ணப் பாதைகள். ஒவ்வொருவர் கையிலும் 45 பிளாஸ்டிக் ரயில் பெட்டிகள், சில வண்ணச் சீட்டுகள், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் இரண்டு மூன்று டிக்கெட்டுகள். முறை வரும்போது மூன்றில் ஒன்றைச் செய்யலாம். இரண்டு வண்ணச் சீட்டு எடுக்கலாம். இல்லையென்றால், ஒரு பாதைக்குத் தேவையான அளவு ஒரே வண்ணச் சீட்டுகளைப் போட்டு அதன் மீது தன் பெட்டிகளை அடுக்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் புதிய டிக்கெட் வாங்கலாம். டிக்கெட்டை முடித்தால் அதிலுள்ள எண் மதிப்பெண்ணில் கூடும், முடிக்காவிட்டால் குறையும். யாராவது ஒருவரிடம் இரண்டோ அதற்குக் குறைவாகவோ பெட்டிகள் மிஞ்சினால் எல்லோருக்கும் கடைசியாக ஒருமுறை, அதோடு ஆட்டம் முடிந்தது. இந்த விதிகளில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒருவர் வைத்த பெட்டியை வேறு யாரும் எடுக்க முடியாது, ஆட்டம் முடியும்வரை அது அங்கேயே இருக்கும். டிக்கெட்டுகள் கடைசிவரை ரகசியமாக இருப்பதால், யார் முந்துகிறார், யார் பிந்துகிறார் என்பதும் கடைசிவரை உறுதியாகத் தெரியாது. தோற்றுக்கொண்டிருப்பவருக்கே அது தெரியாததால், அவர் தன் பாதையைக் கட்டுவதிலேயே மும்முரமாக இருப்பார்.

அந்தப் பெரிய ஆட்டத்துக்கு நிறுவனம் சொல்லும் நேரம் அரைமணி முதல் ஒரு மணி வரை. 45 பெட்டிகளை இறக்கி முடிக்க ஒவ்வொருவரும் ஏறக்குறைய முப்பது முறை ஆட வேண்டியிருக்கும். இதைச் சுருக்கி 2018இல் நியூயார்க் பதிப்பு வந்தது, அடுத்த ஆண்டு லண்டன். நியூயார்க்கில் ரயிலுக்குப் பதில் டாக்சி, லண்டனில் இரட்டை அடுக்கு பஸ். வண்டி மாறினாலும் ஆட்டம் அதே ஆட்டம். நியூயார்க்கில் ஒருவருக்குப் பதினைந்தே டாக்சி, மிக நீளமான பாதையே நான்கு கட்டம்தான், பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒவ்வொருவருக்கும் பத்துப் பன்னிரண்டு முறைதான் வாய்ப்பு வரும். இங்கே ஒரு சின்னக் கணக்கைப் பார்க்கலாம். நான்கு கட்டப் பாதை ஒன்றுக்கு 7 புள்ளி, இரண்டு கட்டப் பாதைக்கு 2. நான்கு சீட்டு சேர்க்க இரண்டு முறை, வைக்க ஒரு முறை என்று மூன்று முறையில் 7 புள்ளி வந்துவிடும். அதே நான்கு சீட்டுகளை இரண்டு சின்னப் பாதைகளுக்குப் பிரித்துப் போட்டால் நான்கு முறை செலவாகி 4 புள்ளிதான் கிடைக்கும். அப்படியானால் எல்லோரும் நீளப் பாதைக்கே காத்திருக்கலாமே என்றால், காத்திருக்கும்போது வேறொருவர் அந்த இடத்தில் டாக்சியை நிறுத்திவிடுவார். பொறுப்பதா, பாய்வதா? எட்டு வயதுக் குழந்தைக்கும் இந்தக் கேள்வி முழுசாகப் புரியும். பெரியவருக்கும் சட்டென்று பதில் வராது.

இதே அளவுகோலில் டிக்கெட் டு ரைடையும் மிஞ்சுவது என்று நான் கருதுவது, பிரான்ஸ்-பென்னோ டெலோங்கே என்ற ஜெர்மானியர் 2001இல் வெளியிட்ட 'டிரான்ஸ் அமெரிக்கா'. 2002இல் அதே ஜெர்மன் விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம் பிடித்த ஆட்டம் இது. இரண்டு பேர் முதல் ஆறு பேர் வரை ஆடலாம், அரைமணி நேரத்தில் முடியும். அமெரிக்க வரைபடம் முக்கோண வலையாகக் கோடிட்டிருக்கும். நாட்டை ஐந்து பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஓர் ஊர் என்று ஒவ்வொருவருக்கும் ஐந்து ஊர்ச் சீட்டுகள் ரகசியமாகக் கிடைக்கும். முறை வரும்போது இரண்டு கறுப்புக் குச்சிகளை வலைக்கோட்டின் மீது வைத்துத் தண்டவாளம் போட வேண்டும். மலையையோ ஆற்றையோ தாண்டுகிற கோடு என்றால் ஒரே குச்சிக்கு அந்த முறை முழுக்கச் செலவாகிவிடும். இதில் எந்தத் தண்டவாளமும் யாருக்கும் சொந்தமில்லை. எல்லாம் ஒரே நிறம். என் பாதை உங்கள் பாதையைத் தொட்ட நிமிடத்திலிருந்து நீங்கள் போட்டதெல்லாம் எனக்கும், நான் போட்டதெல்லாம் உங்களுக்கும். ஐந்து ஊரையும் முதலில் சேர்த்தவர் சீட்டுகளைக் காட்டியதும் அந்தச் சுற்று முடியும். மற்றவர்கள், தங்களுக்கு இன்னும் எத்தனை குச்சி தேவைப்பட்டது என்று எண்ணி அத்தனை புள்ளிகளை இழப்பார்கள்.

இது எப்படி ஓடும் என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பேத்தியின் கையில் சியாட்டில், சிகாகோ, டென்வர், நியூ ஆர்லியன்ஸ், பாஸ்டன். வடமேற்கு மூலையில் இருக்கும் சியாட்டிலை நடுநாட்டோடு சேர்க்கக் குறுக்கே ராக்கி மலை. ஒவ்வொரு முறைக்கும் ஒரே குச்சிதான் நகரும். பாட்டிக்கும் மேற்குக் கரையில் போர்ட்லாந்து வந்திருக்கிறது, ஆனால் பேத்திக்கு அது தெரியாது. பாட்டி மலைக்குக் கிழக்கே நின்று, யாராவது மலையைக் குடைந்து வரட்டும் என்று தெற்கே டல்லாஸ் பக்கம் குச்சி போட்டுக்கொண்டிருக்கிறார். பேத்தி மலையைத் தாண்டிவிட்டால் பாட்டிக்கு மிச்சமிருப்பது இரண்டு மூன்று குச்சிதான். பாட்டி தெற்கே போட்ட பாதையோ பேத்தியின் நியூ ஆர்லியன்ஸை நெருங்கிவிட்டது. இருவரும் போட்டி போடுகிறார்கள், கூடவே ஒருவருக்கொருவர் வழியும் போட்டுக் கொடுக்கிறார்கள். பின்தங்கியவருக்கு முன்னால் போனவர்களின் வேலையே கைகொடுக்கிறது. விதியை இளக்காமலும், யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமலும் இது நடக்கிறது என்பதுதான் டெலோங்கேயின் சாமர்த்தியம்.

விட்டுக்கொடுப்பது பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். குழந்தை அழும் என்று பெரியவர்கள் வேண்டுமென்றே தோற்பது நம் வீடுகளில் சகஜம். குழந்தைகள் இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர்கள் உண்மையாகவே ஜெயித்தாலும் நம்ப மாட்டார்கள். ஒன்றரை மணி நேரம் கட்டியதைக் கடைசியில் இழப்பது சின்ன வயதில் தாங்க முடியாத அளவுக்குப் பெரியது. அதனால்தான் நீண்ட ஆட்டங்களில் பெரியவர்களுக்குத் தோற்றுக்காட்டத் தோன்றுகிறது. பதினைந்து நிமிட ஆட்டத்தில் தோல்வி பதினைந்து நிமிட அளவுக்குத்தான் இருக்கும். சீட்டைக் கலைத்துப் போட்டால் அடுத்தது ஆரம்பம். அப்பா முழு மூச்சாக ஆடலாம், மகளும் அவரை உண்மையாகவே ஜெயிக்கலாம். ஆட்டம் குட்டையாக இருப்பதன் பெரிய லாபம் மிச்சமாகும் நேரத்தைவிட இந்த நேர்மைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதை மறுப்பவர்கள் முதலில் அதிர்ஷ்டத்தைத்தான் சொல்வார்கள். சீக்கிரம் முடியும் ஆட்டத்தில் சீட்டு விழுவதுதான் எல்லாம், மூளைக்கு என்ன வேலை என்பார்கள். இதில் பாதி உண்மை. பத்துப் பன்னிரண்டு வாய்ப்புகளுக்குள், நல்ல சீட்டு வராததைத் திறமையால் ஈடுகட்ட நேரம் போதாது. முப்பது வாய்ப்பு இருந்தால் சமாளிக்கலாம். சதுரங்கத்தில் ஊறியவருக்கு நியூயார்க் பதிப்பு நிச்சயம் போதாது, அவருக்கு நான் அதைப் பரிந்துரைக்கவும் மாட்டேன். ஆனால் வயதும் அனுபவமும் வெவ்வேறாக இருக்கிற ஒரு குடும்பத்தில் அதிர்ஷ்டம் கொஞ்சம் கலந்திருப்பது அவசியம். அது இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் ஒரே ஆள்தான் ஜெயிப்பார், மற்றவர்கள் ஆடவே வர மாட்டார்கள். பரமபதம் போல முழுக்க அதிர்ஷ்டமாக இருந்தால் முடிவெடுக்க ஒன்றும் இல்லை, கட்டை சொல்கிற இடத்துக்குப் போக வேண்டியதுதான். இந்த ரயில் ஆட்டங்களில் அதிர்ஷ்டம் கையில் கொடுப்பதை என்ன செய்வது என்பதை ஆடுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். தவிரவும், ஒரு சுற்றில் விளையாடும் அதிர்ஷ்டம் நான்கைந்து சுற்றில் சமனாகிவிடும். ஒரு பெரிய ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தில் நான்கு குட்டி ஆட்டங்கள் ஆடலாம்.

இன்னொரு மறுப்புக்கு வலு அதிகம். டிக்கெட் டு ரைடில் ஒருவர் வைத்த பெட்டியை எடுக்க முடியாது என்றாலும், இன்னொருவர் போக வேண்டிய பாதையில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். இரண்டு மூன்று பேர் மட்டும் ஆடும்போது இரட்டைப் பாதைகளில் ஒன்றைத்தான் பயன்படுத்தலாம் என்பதால் நெருக்கடி இன்னும் கூடும். சிகாகோவுக்குப் போகும் கடைசி வழியும் அடைபட்டு, முடிக்காத டிக்கெட்டுக்குப் புள்ளியும் குறைந்தால், ஆறு வயதுக் குழந்தை அழத்தான் செய்யும். இதற்கென்றே 2016இல் 'ஃபர்ஸ்ட் ஜர்னி' என்ற பதிப்பு வந்தது. ஆறு வயதிலிருந்து ஆடலாம். அதில் புள்ளிக் கணக்கும் இல்லை, கழித்தலும் இல்லை. ஆறு டிக்கெட்டை முதலில் முடிப்பவர் ஜெயித்தார். வழி அடைபட்டால் ஒரு முறையை விட்டுக் கையிலுள்ள இரண்டு டிக்கெட்டுகளைப் போட்டுவிட்டு வேறு இரண்டு எடுத்துக்கொள்ளலாம். டிரான்ஸ் அமெரிக்காவிலோ அடைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே இந்த மறுப்பு ரயில் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தாது, சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் எதை முதலில் எடுக்க வேண்டும் என்பதையே அது சொல்கிறது.

மூன்றாவது, இவை எல்லாமே வெளிநாட்டுச் சரக்கு. விலை அதிகம், ஊர்ப் பெயர்கள் ஆங்கிலத்தில், பாட்டிக்கு டென்வரும் தெரியாது டல்லாஸும் தெரியாது. டிக்கெட் டு ரைடு வரிசையில் 1911 கால இந்திய வரைபடம் ஒன்றும் உண்டு என்றாலும், அதிலும் எழுத்து ஆங்கிலம்தான். இந்த மறுப்பை நான் முழுக்க ஏற்கிறேன். ஏற்றுக்கொண்டு, டிரான்ஸ் அமெரிக்காவின் விதிகளை வைத்து நம் ஊர் வரைபடத்தை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று சொல்வேன். ஒரு சார்ட் பேப்பரில் தமிழ்நாட்டை வரைந்து, முக்கோண வலையாகப் புள்ளி வைக்க வேண்டும். தென்னை ஈர்க்குச்சியை ஒரே அளவில் நறுக்கினால் தண்டவாளம் தயார். பகுதிகள் ஐந்து: வடக்கே சென்னை, அரக்கோணம், காட்பாடி, விழுப்புரம், மேற்கே சேலம், ஈரோடு, கோவை, உதகை, காவிரிக் கரையில் கரூர், திருச்சி, தஞ்சாவூர், மயிலாடுதுறை, நடுத்தெற்கில் திண்டுக்கல், மதுரை, மானாமதுரை, ராமேசுவரம், கடைசியில் தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில். காவிரி, வைகை, தாமிரபரணி ஆகியவற்றைத் தாண்டும் கோடுகளையும் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும் கோடுகளையும் இரட்டைச் செலவு என்று சிவப்பு மையால் குறித்துவிடலாம். மலைக்கு ஏன் இரட்டைச் செலவு என்று குழந்தை கேட்டால் சொல்ல உண்மையான கதையே இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 1899இல் ஓடத் தொடங்கிய மலை ரயில் உதகையை எட்டியது 1908இல்தான், மொத்த தூரமே 46 கிலோமீட்டர். ராமேசுவரத்துக்கும் அப்படித்தான், 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகே ரயில் கடலைத் தாண்டிப் போனது. அதையும் சிவப்பில் குறிக்கலாம்.

ஊர்ப் பெயர்களைத் தமிழில் எழுதிச் சீட்டாக வெட்டிவிட்டால், பாட்டிக்கு யாரும் படித்துக் காட்ட வேண்டியதில்லை. விழுப்புரமும் திருச்சியும் ஈரோடும் ஏன் பெரிய சந்திப்புகளாக வளர்ந்தன என்பது முதல் குச்சியை எங்கே வைப்பது என்று யோசிக்கும்போதே பிடிபடும். எத்தனை சுற்று ஆடுவது என்பதைத் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுவது நல்லது. இரண்டு மூன்று நாள் ஆடிய பிறகு, உதகையும் ராமேசுவரமும் நாகர்கோவிலும் சேர்ந்து வந்தவரே எப்போதும் கடைசியில் நிற்கிறார் என்று தெரிந்தால், அந்த மூலைகளில் சிவப்புக் கோடுகளில் ஒன்றிரண்டைக் கறுப்பாக்கிக்கொள்ளலாம்.